கார்க் சட்டை போட்ட கேப்டன்

ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பென்சில் வேண்டாம். மனக்கணக்காகவே போடலாம்.

ஜூல்ஸ் வெர்ன் எழுதிய நாவல்களிலேயே ரொம்பப் பிரபலமானதன் பெயரைத் தமிழில் சொன்னால், 'கடலுக்கடியில் 20,000 லீக்'. லீக் என்பது பழைய தூர அளவு. வெர்ன் கணக்குப்படி ஒரு லீக் 4 கிலோமீட்டர். ஆக, 20,000 லீக் என்றால் 80,000 கிலோமீட்டர். பூமியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேராக ஓட்டை போட்டாலே மொத்தம் சுமார் 12,700 கிலோமீட்டர்தான் வரும். கேப்டன் நீமோ தன்னுடைய நீர்மூழ்கிக் கப்பலை 20,000 லீக் ஆழத்துக்கு இறக்கியிருந்தால்? பூமியைப் பொத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்து, அதற்கப்புறமும் 67,000 கிலோமீட்டர் ஆகாயத்தில் பறந்திருப்பார்!

சிரிக்காதீர்கள். நம்மில் பல பேர் அதை ஆழம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான். அது ஆழமில்லை, தூரம். கடலுக்கு அடியிலேயே இருந்துகொண்டு அந்தக் கப்பல் ஓடிய தூரம். கிட்டத்தட்ட உலகத்தை இரண்டு சுற்று. பிரெஞ்சுத் தலைப்பில் 'கடல்கள்' என்று பன்மையில் இருக்கிறது. பல கடல்களைக் கடந்து போன பயணம் என்று அதிலேயே அர்த்தம் கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் நிலைத்துப்போன தலைப்பில் அது ஒருமையாகிவிட்டது. ஒரே ஒரு 'எஸ்' எழுத்து காணாமல் போனதில், உலகம் சுற்றிய மனுஷன் ஒரே இடத்தில் கிணறு வெட்டுகிறவர் மாதிரி ஆகிவிட்டார்.

இந்தப் புத்தகத்தை வகுப்பில் எடுக்கிற ஆங்கில வாத்தியார் தலைப்பிலேயே ஒரு பீரியட் செலவழிக்க வேண்டியிருக்கும். உலகம் முழுக்க எடுக்கத்தான் செய்கிறார்கள். ஆங்கிலம் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று சுருக்கி எழுதப்படும் கதைப் புத்தகங்களில் இது ஒரு நிரந்தர மெம்பர். 300 வார்த்தை தெரிந்தவர்களுக்கு ஒரு பதிப்பு, ஆயிரத்துச் சொச்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு பதிப்பு என்று மாடிப்படி மாதிரி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் இந்த ரகப் புத்தகத்துக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். நான்-டீடெயில்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். விவரம் இல்லாதது!

எனக்குப் பள்ளியில் வாய்த்தது எண்பது பக்கமோ என்னவோ இருந்த ஒரு மெல்லிசுப் புத்தகம். சுறா வந்தது. எட்டுக்கையோடு ஒரு ராட்சத ஜந்து வந்தது. கடைசியில் கேப்டன் நீமோ தன் கப்பலால் ஒரு போர்க்கப்பலை இடித்து, அதிலிருந்த அத்தனை பேரையும் கடலில் மூழ்கடித்தார். "சார், அவர் ஏன் சார் இடிக்கிறார்?" என்று ஒரு பையன் கேட்டான். "அவர் கோபக்காரர். அவ்வளவுதான். உட்காரு" என்று பதில் வந்தது. வாத்தியார் மேல் தப்பில்லை. அவர் கையில் இருந்ததும் அதே எண்பது பக்கம்தான்.

அந்தக் கோபத்தின் காரணம் எங்கே போனது? விசாரித்துக்கொண்டு போனால் பாரிஸ், லண்டன், டாக்கா என்று மூன்று ஊர் தாண்டவேண்டியிருக்கிறது. வழி முழுக்கக் கத்தரிக்கோல் சத்தம்.

முதலில் பாரிஸ்.

இந்த நாவல் 1869 மார்ச்சில் ஆரம்பித்து 1870 ஜூன் வரை பாரிஸில் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. பத்திரிகையின் பெயரை மொழிபெயர்த்தால் 'கல்வி - பொழுதுபோக்கு இதழ்'. பெயரில் எது முதலில் நிற்கிறது, பார்த்தீர்களா? கல்வி. வீட்டில் பையன்கள் படிக்கவேண்டும், படிக்கும்போதே பூகோளமும் விலங்கியலும் மண்டையில் ஏறவேண்டும் என்பதுதான் பத்திரிகையின் திட்டம். அதனால்தான் நாவலில் பக்கம் பக்கமாக மீன் பெயர்கள். இந்தக் கடலில் இன்ன மீன், அந்தக் கடலில் இன்ன சிப்பி என்று அட்டவணை போட்டுத் தாக்குவார் வெர்ன். ஆக, வகுப்பறைக்குப் போவதற்கு முன்பே இது ஒருவகைப் பாடப்புத்தகம்தான்.

அதுவும் மொழி கற்றுக்கொடுக்கிறவர்களுக்கென்றே எழுதினாற்போல ஒரு காட்சி வைத்திருக்கிறார். பேராசிரியர் அரோனாக்ஸ், அவருடைய உதவியாளன் கான்சீல், ஈட்டி எறிந்து திமிங்கிலம் பிடிக்கும் கனடாக்காரன் நெட் லேண்ட் என்று மூன்று பேர் நாட்டிலஸ் கப்பலில் கைதியாக மாட்டிக்கொள்கிறார்கள். எதிரே கேப்டன். வாயே திறக்கமாட்டேன் என்கிறார். பேராசிரியர் பிரெஞ்சில் தங்கள் கதையைச் சொல்கிறார். பதில் இல்லை. நெட் லேண்ட் ஆங்கிலத்தில் கத்துகிறான். ஊஹூம். கான்சீல் ஜெர்மனில் முயற்சி பண்ணுகிறான். கடைசியில் பேராசிரியர் பள்ளிக்கூடத்தில் படித்த லத்தீனை ஞாபகப்படுத்திக்கொண்டு திக்கித் திணறிப் பேசுகிறார். நான்கு மொழியும் காலி. பசி வயிற்றைக் கிள்ளுகிறது. வாயைத் திறந்து, தாடையை ஆட்டி, பல்லைக் கடித்துக் காட்டினால் எந்த தேசத்திலும் பசி என்றுதானே அர்த்தம், இது கூடவா இவர்களுக்குப் புரியாது என்று நெட் லேண்ட் எரிந்து விழுகிறான். மொழி தெரியாத ஊரில் ஓட்டலைத் தேடி அலைந்த யாருக்கும் இது புரியும்.

வேடிக்கை என்னவென்றால், கேப்டனுக்கு அந்த நான்கு மொழியும் தெரியும். ஆசாமி சும்மா கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்! அதற்கப்புறம்தான் வாய் திறக்கிறார்.

இன்னொரு ஜோடிப் பொருத்தமும் உண்டு. கான்சீலுக்கு மீன்களின் வர்க்கம், குடும்பம், பேரினம், சிற்றினம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு மீனை நேரில் காட்டினால் அது என்ன மீன் என்று சொல்லத் தெரியாது. நெட் லேண்டைக் கேட்டால் உலகத்தில் மீன் இரண்டே வகை. தின்கிற மீன், தின்னாத மீன். ஆனால் எதைக் காட்டினாலும் பெயர் சொல்லிவிடுவான். இலக்கண அட்டவணையை ஒப்பிக்கத் தெரிந்து, கடைக்காரரிடம் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசத் தெரியாமல் நின்றவர்கள் கான்சீல் கட்சி. நாம் அத்தனை பேரும் அதில் உறுப்பினர்கள்.

சரி, கத்தரிக்கோல் விஷயத்துக்கு வருவோம்.

வெர்ன் முதலில் யோசித்த நீமோ ஒரு போலந்துக்காரர். 1863-ல் போலந்து மக்கள் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். ரஷ்யா அதை ரத்தத்தில் முக்கி அடக்கியது. அதில் குடும்பத்தையே பறிகொடுத்த ஒரு பிரபு, ரஷ்யக் கப்பல்களைத் தேடித் தேடிப் பழிவாங்குகிறார் என்பது வெர்னின் திட்டம். காரணம் கச்சிதமாக இருக்கிறது அல்லவா?

பதிப்பாளர் பியர் ழூல் எட்செல் முடியாது என்றுவிட்டார். வெர்னின் புத்தகங்கள் ரஷ்யாவிலும் விற்றுக்கொண்டிருந்தன. அந்த அரசாங்கத்தைப் பகைத்துக்கொண்டால் தடை வரும். எட்செல் ஒன்றும் ராஜவிசுவாசி கிடையாது. குடியரசுக் கட்சிக்காரர். 1851-ல் பின்னாளைய மூன்றாம் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தபோது பிரஸ்ஸல்ஸுக்கு நாடு கடந்து ஓடியவர். அவருக்கே கல்லாப்பெட்டி கண்ணில் பட்டுவிட்டது. பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு அவர் கவலை புரிகிறது. வெர்ன் கடிதத்துக்கு மேல் கடிதமாகச் சண்டை போட்டார். கடைசியில் ஒரு சமரசம். நீமோ எந்த நாடு என்று சொல்லவே வேண்டாம். அவர் மூழ்கடிக்கும் கப்பல் எந்த நாடு என்றும் சொல்லவேண்டாம். நீமோ என்றால் லத்தீனில் 'யாருமில்லை' என்று அர்த்தம். பெயருக்கேற்ற ஊர்.

இது முதல் வெட்டு. இதில் காரணத்தின் முகவரிதான் போனது, காரணம் போகவில்லை. அதை நீமோவின் அறைச் சுவரில் மாட்டி வைத்தார் வெர்ன். போலந்து விடுதலைக்குப் போராடிய கோஸ்யுஷ்கோ, கிரேக்க வீரர் போட்சாரிஸ், அயர்லாந்தின் டேனியல் ஓகானல், அமெரிக்காவின் வாஷிங்டன், இத்தாலியின் மானின், அடிமை முறைக்கு எதிராக நின்ற லிங்கன், அதற்காகத் தூக்கில் தொங்கிய ஜான் பிரவுன். வரிசையாகப் படங்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தே அந்த மனிதர் எந்தக் கட்சி என்று நாம் கண்டுபிடித்துவிட மாட்டோமா? அதே டெக்னிக்.

அடுத்து லண்டன். இங்கேதான் கூத்து.

1872-ல் இந்த நாவலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் லூயிஸ் பேஜ் மெர்சியர் என்கிற பாதிரியார். புத்தகத்தில் தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'மெர்சியர் லூயிஸ்' என்று அச்சடித்துக்கொண்டார். மூலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கைக் காணோம். மிச்சம் இருந்ததையும் சும்மா விடவில்லை. அமெரிக்காவில் கரடுமுரடான ஒரு வறண்ட பிரதேசத்துக்கு 'மோசமான நிலங்கள்' என்றே இடப்பெயர். பேராசிரியர் அங்கே ஆராய்ச்சிக்குப் போய்விட்டு வருகிறார். மெர்சியர் அதைப் 'பிடிக்காத நெப்ராஸ்கா' என்கிற மாதிரி ஆக்கிவிட்டார். நெப்ராஸ்கா என்ன பாவம் செய்தது? தண்ணீரைப்போல 7.8 மடங்கு அடர்த்தி என்று வெர்ன் எழுதிய எஃகு, மெர்சியர் கையில் தண்ணீரைவிட லேசாகிவிட்டது. அந்த எஃகில் கட்டினால் நாட்டிலஸ் முங்கவே முங்காது!

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்தச் சட்டை. பிரெஞ்சில் 'ஸ்காஃபாந்தர்' என்றால் முக்குளிக்கும் உடை. தலைக்குக் கனத்த கவசம், காலுக்கு ஈயம் பதித்த பூட்ஸ், முதுகில் காற்றுப் பெட்டி என்று நீமோவும் விருந்தாளிகளும் மாட்டிக்கொண்டு கடலின் தரையில் நடப்பார்கள். அதே சொல்லுக்கு வழக்கொழிந்த ஒரு பழைய அர்த்தமும் உண்டு. கார்க்கால் செய்த மிதவைச் சட்டை. மெர்சியர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆகவே அவருடைய ஆங்கிலத்தில் எல்லோரும் கார்க் சட்டையைப் போட்டுக்கொண்டு கடலடியில் காடு, மேடெல்லாம் வேட்டைக்குப் போகிறார்கள். பாட்டிலில் அடைக்கிற கார்க்கைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? விட்ட நொடியில் மேலே வந்து நிற்கும். ஒருமுறை இரண்டு முறை கிடையாது, வருகிற இடத்திலெல்லாம் கார்க் சட்டைதான். ஒரு தடவைகூடவா அவருக்குச் சந்தேகம் வரவில்லை?

இதெல்லாம் சொதப்பல். மன்னித்துவிடலாம். சுவரில் இருந்த அந்தப் படங்களையும் காணோம் என்பதுதான் இடிக்கிறது. இங்கிலாந்தின் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்து மக்களைத் திரட்டிய ஓகானல் அதில் இருக்கிறார். இங்கிலாந்தோடு போரிட்ட வாஷிங்டன் இருக்கிறார். லண்டன் வாசகர் மனசு கோணக்கூடாது என்று எடுத்தாரா, இடமில்லை என்று எடுத்தாரா, அவருக்கே வெளிச்சம். கையில் பிடித்திருந்த கத்தரிக்கோல் அந்தப் பக்கத்துக்குப் போனதும் சரியாக அங்கே வெட்டியது.

கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு ஆங்கில உலகம் படித்தது பெரும்பாலும் இந்த மெர்சியரைத்தான். வெர்ன் என்றால் விஞ்ஞானம் அரைகுறை, சின்னப் பசங்க சமாச்சாரம் என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர் நிலைத்ததற்கு வெர்ன் பொறுப்பில்லை. 1960-களின் நடுவில் வால்டர் ஜேம்ஸ் மில்லர் என்ற நியூயார்க் பேராசிரியர் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோய், புதுப் பதிப்பு கொண்டுவந்தார். அதற்குள் மெர்சியரைச் சுருக்கி எத்தனையோ பள்ளிப் பதிப்புகள் வந்துவிட்டன. வெட்டியதையே வெட்டினால் என்ன மிஞ்சும்?

மூன்றாவது ஊர், டாக்கா. இங்கே வில்லன் யாருமில்லை. இதுதான் எனக்குப் பிடித்த பகுதியும்கூட.

மைக்கேல் வெஸ்ட் என்று ஓர் ஆங்கிலேயர். பிரிட்டிஷ் இந்தியாவின் கல்வித் துறை உத்தியோகஸ்தர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தார். வங்காளத்துப் பையன்கள் வருடக்கணக்கில் ஆங்கிலம் படிக்கிறார்கள், பெரும்பாலானவர்கள் படிப்பை முடிக்காமல் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அதோடு படித்ததும் போய்விடுகிறது என்பதைக் கவனித்தார். அதைச் சொல்ல அவர் பயன்படுத்திய சொல் இருக்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்குக் கைகுலுக்கத் தோன்றியது. சரண்டர் வேல்யூ!

இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்தவர்களுக்குத் தெரியும். பிரீமியம் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். நடுவில் முடியவில்லை, நிறுத்திவிடுகிறீர்கள். கம்பெனி உங்கள் கையில் எவ்வளவு திருப்பிக் கொடுக்கும்? அதுதான் சரண்டர் வேல்யூ. ஒரு படிப்புக்கும் அது உண்டு என்றார் வெஸ்ட். மூன்று வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு வயலுக்கோ கடைக்கோ திரும்புகிற பையன் கையில் என்ன மிஞ்சுகிறது? இலக்கணமும் மனப்பாடமும் என்றால், பூஜ்யம். ஒரு புத்தகத்தைத் தானாக எடுத்துப் படிக்கத் தெரிந்திருந்தால், அது ஆயுசுக்கும் வரும். ஆகவே முதலில் வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்றார். 1926-ல் வெளிவந்த அவருடைய ஆய்வின் சாரம் இதுதான்.

வாசிக்க என்ன தடை என்று பார்த்தார். அன்றைய பாடநூல்களில் வரிக்கு வரி புதுச் சொல். அதுவும் செத்துப்போன கவிதைச் சொற்கள். பையன் ஒரு சொல்லைத் தாண்டுவதற்குள் அடுத்த சொல் காலை இடறுகிறது. வெஸ்ட் அவற்றைத் தூக்கிவிட்டு, நடைமுறைச் சொல்லைப் போட்டார். ஒரு புதுச் சொல் வந்தால், அடுத்தது வருவதற்குமுன் நன்றாக மூச்சு வாங்க இடம் விட்டார். அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் என்பவர் அச்சான ஆங்கிலத்தில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, 1921-லேயே 10,000 சொற்களுக்குப் பட்டியல் போட்டிருந்தார். அந்த மாதிரி எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு, அதிகம் புழங்கும் சொற்களிலேயே கதை சொல்லும் வாசகங்களை வெஸ்ட் எழுதினார். அவர் 1953-ல் வெளியிட்ட சுமார் 2,000 சொற்கள் கொண்ட பட்டியல், அதற்கப்புறம் பல காலம் உலகெங்கும் ஆங்கில வகுப்புகளுக்கு வாய்ப்பாடு. அந்த 2,000 தெரிந்தால் சாதாரண ஆங்கிலப் பக்கத்தில் ஐந்தில் நான்கு சொல் புரிந்துவிடும்.

நான்-டீடெயில் புத்தகத்தின் தாத்தா வீடு இதுதான். கிளாஸிக் நாவல்களைப் பட்டியலுக்குள் அடக்கிச் சுருக்கித் தருகிற பெரிய தொழில் இந்த யோசனையின் மேல்தான் எழுந்தது. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மீன் அட்டவணையை வெட்டினால் 300 வார்த்தை தெரிந்த பையன் நாட்டிலஸ் கப்பலுக்குள் ஏற முடிகிறது என்றால், தாராளமாக வெட்டுங்கள். அந்த ஐந்தில் ஒரு சொல் முழுக்க மீனும் சிப்பியும் பாசியும்தான். புரியாத இடத்துக்குப் படம் இருக்கிறது. மூலப் பதிப்பிலேயே 111 படங்கள் போட்டிருக்கிறார்கள். அதில் பேராசிரியர் அரோனாக்ஸின் முகத்துக்கு மாடல் ஜூல்ஸ் வெர்னேதான்! முக்குளிக்கும் உடை என்ற சொல் பட்டியலில் இல்லாவிட்டால் என்ன? படத்தைக் காட்டினால் எந்தக் குழந்தையும் அதைக் கார்க் சட்டை என்று சொல்லாது.

நீமோவின் காரணத்தை வெட்டியதற்கும் இதே சாக்கைச் சொல்ல முடியுமா? கடினமான சொற்கள், ஆரம்பப் பாடக்காரர்களுக்குப் புரியாது என்று?

மூல நாவலில் அந்த இடத்தை எடுத்துப் பாருங்கள். கடைசிக்குச் சற்று முன்னால் வருகிறது. போர்க்கப்பல் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இடிக்காதீர்கள் என்று பேராசிரியர் கெஞ்சுகிறார். நீமோ பதில் சொல்கிறார். ஒடுக்கப்பட்டவன் நான், ஒடுக்கியவன் அதோ நிற்கிறான் என்கிற தொனியில் ஆரம்பித்து, தான் நேசித்து, இவர்களால் அழிந்துபோன எல்லாவற்றையும் எண்ணிச் சொல்கிறார். நாடு. மனைவி. குழந்தைகள். அப்பா. அம்மா. இடித்து முடித்து அறைக்குப் போனதும், ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கும் படத்தின் முன்னால் மண்டியிட்டு அழுகிறார்.

அந்த ஐந்து சொல்லையும் வெஸ்ட்டின் பட்டியலில் தேடவே வேண்டாம். எந்த ஆங்கில வகுப்பிலும் முதல் மாதத்துக்குள் வந்துவிடும். நாவல் முழுக்க வாய்க்கு நுழையாத மீன் பெயர்களை அடுக்கிய வெர்ன், இந்த ஓர் இடத்தில் பாலர் பாடத்துச் சொற்களை வைத்திருக்கிறார். 300 சொல் போதும். 'ஏன்' என்ற கேள்வியும் அந்த 300-க்குள்தான் இருக்கிறது. என் வகுப்புப் பையன் அதைத்தானே கேட்டான்?

அவனுக்கான பதிலை வெர்ன் அப்புறம் தனியாகவே எழுதினார். 1874-75-ல் வந்த 'மர்மத் தீவு' நாவலில் நீமோ சாகும் தறுவாயில் தான் யாரென்று சொல்கிறார். போலந்து கைநழுவிப் போனதும் வெர்ன் திரும்பிய திசை எது தெரியுமா? இந்தியா. நீமோவின் உண்மைப் பெயர் இளவரசர் டக்கார். பந்தேல்கண்ட் ராஜாவின் மகன். திப்பு சுல்தானின் உறவு, மருமகன் முறை. பந்தேல்கண்டுக்கும் மைசூருக்கும் எப்படி முடிச்சுப் போட்டார் என்று கேட்காதீர்கள், வெர்ன் மேப்பைப் பார்த்து எழுதுவார், வம்சாவளியைப் பார்த்து எழுதமாட்டார். 1857 புரட்சியில் சண்டை போட்டு, குடும்பத்தை இழந்து, கடலுக்குள் இறங்கியவர். 1875-ல் லண்டனில் கிங்ஸ்டன் என்ற பெயரில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த இடத்தையும் மாற்றி எழுதினார்கள். பிரிட்டிஷாரைத் திட்டுகிற பகுதிகள் தலைகீழாயின. மொழிபெயர்த்தவர் உண்மையில் கிங்ஸ்டனின் மனைவி ஆக்னஸ் என்கிறார்கள். இந்த நாவல்களுக்கு வாய்த்த ஆங்கிலக்காரர்களில் ஒருவர்கூடச் சொந்தப் பெயரை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளவில்லை!

1954 டிஸ்னி படத்தில் நீமோ ஆங்கிலேய நடிகர் ஜேம்ஸ் மேசன். 2003-ல் ஒரு ஹாலிவுட் படத்தில் நஸிருதீன் ஷா தலைப்பாகையோடு நீமோவாக வந்தபோது, இதென்ன புதுசாக இந்தியர் என்று பல பேர் புருவம் உயர்த்தினார்கள். அதே வருடம் வந்த கார்ட்டூன் படத்தின் புண்ணியத்தில், இன்றைக்குக் குழந்தைகளைக் கேட்டால் நீமோ என்பது ஆரஞ்சு கலர் மீன்.

'மர்மத் தீவு' வரை போகவேண்டியதுகூட இல்லை. குறிப்பு இந்த நாவலிலேயே இருக்கிறது. அதுவும் நமக்குப் பக்கத்து வீட்டில்.

கதைப்படி 1868 ஜனவரி கடைசி. நாட்டிலஸ் இலங்கைக்கு வருகிறது. மன்னார் வளைகுடா. முத்துச் சலாபம் தொடங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. சீசனில் அரிப்பு, சிலாபத்துறைக் கரைகளில் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்த படகுகள் நெரியும். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே 'கடல்கட்டி' என்ற ஆட்கள் இருப்பார்கள். ஏலமும் வரவும் பிரிட்டிஷ் அரசாங்கத்துடையது. முத்துக்குளிக்கிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று நீமோவிடம் கேட்கிறார் பேராசிரியர். பெரும்பாலான இடங்களில் முத்து இருக்கிற சிப்பிக்கு ஒரு சல்லிக்காசு, முத்து இல்லாத சிப்பிக்கு அதுவும் இல்லை என்று பதில்.

உடையை மாட்டிக்கொண்டு எல்லோரும் கடலடிக்குப் போகிறார்கள். தேங்காய் அளவு முத்து ஒன்றை நீமோ காட்டுகிறார். திரும்பும் வழியில் மேலே ஒரு நிழல். சீசனுக்கு முன்பே, தனியாக, ஒரு ஏழை முக்குளிக்க வந்திருக்கிறான். காலால் கல்லை இடுக்கிக்கொண்டு இறங்குவதும், கையில் அகப்பட்ட சிப்பியோடு மூச்சுமுட்டி ஏறுவதுமாக இருக்கிறான். ஒரு சுறா அவன்மேல் பாய்கிறது. சலாபம் தொடங்காததால் கடல்கட்டி கிடையாது. நீமோ கத்தியை உருவிக்கொண்டு போய் சுறாவோடு மல்லுக்கட்டுகிறார். அவரே சாகக் கிடந்த நேரத்தில் நெட் லேண்டின் ஈட்டி காப்பாற்றுகிறது. மயங்கிக் கிடந்தவனை மேலே தூக்கிக்கொண்டுபோய் அவனுடைய படகில் போட்டு, தேய்த்து மூச்சு வரவைக்கிறார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே நான்கு பித்தளைத் தலைகள்! நீமோ ஒரு பை நிறைய முத்தை அவன் கையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடுகிறார்.

எதற்காக இப்படி உயிரைப் பணயம் வைத்தீர்கள் என்கிற தோரணையில் பேராசிரியர் பேச்செடுக்கிறார். அந்த மனிதன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன், கடைசி மூச்சு வரை நானும் அந்த நாட்டைச் சேர்ந்தவன்தான் என்கிற அர்த்தத்தில் நீமோ பதில் சொல்கிறார். அத்தியாயம் அந்தப் பதிலோடு முடிகிறது.

என்னுடைய பள்ளிக்கூடப் புத்தகத்தில் தேங்காய் அளவு முத்து இருந்தது. சுறா இருந்தது, படத்தோடு. பை நிறைய முத்துகூட இருந்தது. பேராசிரியர் கேட்கவும் இல்லை, கேப்டன் சொல்லவும் இல்லை. பக்கத்தைத் திருப்பினால், செங்கடல்.